பன்னிரண்டு லெட்

மத்தியானம் மூன்று மணி. ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலை. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். மழை. ஆள் இல்லை, மாடு இல்லை... நாய்கூட இல்லை. தோளில் நீலத் தார்ப்பாயில் சுற்றிய நீள மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு ஒருவன் நடக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் மூட்டைக்குள் இரும்பு இரும்பில் இடிக்கிறது. க்ளிக்... க்ளிக்... க்ளிக்...

இப்படித்தான் ஆரம்பித்தேன்.

"பேய்க் கதைன்னுட்டு மத்தியானம் மூணு மணியாண்ணே?" என்றாள் பக்கத்து வீட்டு மஞ்சுளா. பேய் ராத்திரியில்தான் வரவேண்டும் என்று எவன் சொன்னான்? இந்த ஊரில் ராத்திரி கதவைத் தட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குப் பயந்து பேய் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் கட்டடம் லான்மடாவில் இருக்கிறது. ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது. ஐந்து மணிக்குப் போன மீ ஒன்பது மணிக்கு வரும் என்று அட்டவணை சொன்னது. மீ என்றால் கரண்ட். ரங்கூன் தமிழன் வாயில் வேறு சொல் வராது. மீ வந்தால்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால்தான் தண்ணீர் மாடி ஏறும். அதனால் வாளியும் கையுமாக மாடிப்படியில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். நான் தேவராஜ், தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவன். மீ இல்லாத ஊரில் மோட்டார் மெக்கானிக்குக் கதை சொல்வதைத் தவிர வேறு என்ன வேலை?

எங்களுக்கு மேலே, படி திரும்பும் இடத்தில், ஏழாவதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாலாம் மாடிக்குக் குடிவந்து இருபது நாள். பர்மியர். பெயர் தெரியாது. இந்தக் காலத்தில் பெயர் கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு. வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை, ஆனால் செருப்பு மட்டும் எப்போதும் புதிது. வாளி கொண்டுவரவில்லை. சிகரெட் நுனி மட்டும் இருட்டில் சிவப்பாகத் தெரிந்தது. தமிழ் தெரியுமா என்று பார்க்க மஞ்சுளா போன வாரம் அவர் காதுபட ஒரு கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் தலையாட்டிப் புன்னகை செய்துவிட்டுப் போனாராம். சரி, தமிழ் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஆனாலும் மஞ்சுளா என் பக்கம் குனிந்தாள். "பகல்ல பக்கம் பாத்துப் பேசணும், ராத்திரி அதுவும் பேசக்கூடாதும்பாங்க. இதெல்லாம் இப்ப எதுக்குண்ணே?"

கேட்டால்தானே. எனக்கு வாய் அரிப்பு.

அந்த மூட்டைக்காரர் பெயர் குழந்தைவேலு. மாவ்பிச் சந்தையில் தரையில் பாய் விரித்துக் குடை விற்பவர். அவருக்குச் சரக்கு போவது எங்கள் அடுத்த தெருவில் பைசல் பாயின் குடைக்கடையிலிருந்து. பைசல் பாய் யார்? என் சிநேகிதன் ஜுல்ஃபிகரின் தாய்மாமா. ஜுல்ஃபிகரைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். சொந்தக் கல்யாணத்துக்கே நேரத்துக்கு வராதவன், ஆனால் பொய் சொல்லமாட்டான். அவன் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

பைசல் பாய் விற்பது கறுப்புத் துணிக் குடை, மரப்பிடி. கடைக்கு வந்த ஒவ்வொரு குடையின் பிடியிலும் தன் கையால் மஞ்சள் நூல் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடுவார். இது நம் கடைச் சரக்கு என்பதற்கு அதுதான் அடையாளம். வாரத்துக்கு ஒரு கட்டு குழந்தைவேலுவுக்கு பஸ்ஸில் போகும். பதினெட்டு வருஷப் பழக்கம். பைசல் பாயின் மூன்று பெண்களும் அவரை மாமா என்றுதான் கூப்பிடும். ரமலான் கஞ்சிக்கு அவர் வருவார், பங்குனி உத்திரத்துக்கு இவர் போவார்.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். அதிலேதான் எல்லாம் இருக்கிறது. பர்மியத்தில் மனிதரை எண்ண ஒரு சொல், மாட்டை எண்ண ஒரு சொல், பழத்தை எண்ண ஒரு சொல். கையில் பிடிக்கிற சாமானை எண்ணும் சொல் லெட். லெட் என்றால் கை. குடை என்றால் இத்தனை லெட். கத்தி என்றால் இத்தனை லெட். துப்பாக்கி... அதுவும் இத்தனை லெட்தான்.

நம் ஆட்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். ஆனால் எண்ணிக்கை என்று வந்தால் நாக்கு தானாகப் பர்மியத்துக்குத் திரும்பிவிடும். சந்தைப் பழக்கம். அதோடு குடைக்காரன் குடை என்று சொல்லவே மாட்டான். மீன்காரன் மீன் என்றா சொல்கிறான்? எத்தனை வீசை என்றுதானே கேட்பான்.

இது நடந்தது பட்டாளம் ஆட்சியைப் பிடித்து இந்தப் புரட்சி நாட்கள் தொடங்கி இரண்டாவது மழைக்காலத்தில். அப்போது ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் ஒரு பட்டியல் வரும், நினைவிருக்கிறதா? இன்ன இடத்தில் நடவடிக்கை, பிடிபட்டவர் இத்தனை பேர், பிடிபட்டது இத்தனை லெட். தெரிந்த பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பலர் சோற்றில் கை வைப்பார்கள்.

அன்றைக்குக் காலையில் பைசல் பாய் கட்டை பஸ்ஸில் ஏற்றினார். எதிர் டீக்கடையில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து போன் போட்டார். லைன் மோசம். கத்தினார்.

"கொழந்தவேலு! செஹ்னலெட் ஏத்தியாச்சு. மூணு மணிக்கு வந்துரும். நனையாம எடுத்துட்டுப் போ."

செஹ்னலெட். பன்னிரண்டு லெட். அவ்வளவுதான் சொன்னார். அந்த வாக்கியத்தில் தமிழ் தெரியாத ஒருவனுக்குப் புரியக்கூடியது அந்த ஒன்று மட்டும். பக்கத்து முக்காலியில் யாரோ டீ குடித்துக்கொண்டிருந்தான். யார் என்று பைசல் பாய் பார்க்கவில்லை. பிறகு எவ்வளவோ யோசித்தும் அந்த முகம் அவருக்கு நினைவு வரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். இங்கே வாய் ஒருவருடையது, கெட்டது வேறொருவர்.

மூன்று மணிக்கு அந்தச் செம்மண் சாலையில் குழந்தைவேலு நடந்தார். வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டி நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். அதட்டவில்லை, அடிக்கவில்லை. "கொஞ்ச நேரம் வந்துட்டுப் போங்க" என்றார்களாம். அந்த வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வரப்பு மறைவில் நாற்றுக் கட்டோடு குனிந்திருந்த ஒரு கிழவர் பார்த்துவிட்டுப் போய்க் குழந்தைவேலுவின் மனைவி ரேவதியிடம் சொன்னார்.

அன்று ராத்திரி டிவியில் மாவ்பி வந்தது. பிடிபட்டவர் ஒருவர். பிடிபட்டது பன்னிரண்டு லெட். ஒரு மேஜை, அதற்குப் பின்னால் குழந்தைவேலு, ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மேஜைமேல் நீலத் தார்ப்பாய் மூட்டை. கட்டு அவிழ்க்கப்படவில்லை.

அதுதான் எனக்கு இடிக்கிறது. ஏன் அவிழ்க்கவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவிழ்த்திருப்பார்கள். உள்ளே இருந்ததைப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு மறுபடியும் கட்டியிருப்பார்கள். பன்னிரண்டு லெட் என்று மேலிடத்துக்கு எழுதிப் போனபிறகு குடை என்று யார் திருத்தி எழுதுவது?

பைசல் பாயின் தட்டில் சோறு அப்படியே காய்ந்தது. அவர் மனைவி அஸ்மா டிவியை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாள் வார்டு ஆபீசிலிருந்து ஒருவர் ஒரு தாளோடு வந்தார். மாவ்பியில் பிடிபட்ட இந்த ஆளைத் தெரியுமா? பைசல் பாய் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆளையும் தெரியாது, சரக்கும் தெரியாது என்றார். அப்படியானால் எழுதிக் கொடு என்றார் வந்தவர். வலது கையால் கையெழுத்துப் போட்டார். இடது கைக் கட்டைவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்தார். இரண்டு கையும் சேர்ந்துதான் அந்தப் பொய்யைச் சொன்னது.

மூன்றாம் நாள் ரேவதி வந்தாள். நனைந்துபோய்க் கடை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"பாய், நீங்க வந்து குடைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஒங்க நூலு ஒங்க முடிச்சு. வேற யாரு சொன்னாலும் எடுபடாது."

"எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க தங்கச்சி" என்றார் பைசல் பாய். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படி ஒரு ஆளத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார்.

அவள் அழவில்லை. அவருடைய கைகளைப் பார்த்தாளாம். இடது கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை.

"சரி பாய். அவரு யார் சரக்கையும் வெச்சுக்க மாட்டாரு. ஒண்ணு விடாம கொண்டாந்து குடுத்துருவாரு."

அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இங்கே மஞ்சுளா குறுக்கே வந்தாள். அவள் குரல் முன்போல இல்லை. "நீங்களா இருந்தா போயிருப்பீங்களாண்ணே?"

ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்றேன். ஒரு வார்த்தைதானே? குடைக்குப் பர்மியத்தில் தீ என்பார்கள். நமக்குத் தீ சுடும், அவர்களுக்கு அது மழைக்குப் பிடிப்பது. ஓரெழுத்து. ஓரெழுத்தைச் சொல்லத் துப்பில்லாத பைசல் பாயை மனிதன் என்று நான் சொல்லமாட்டேன் என்றேன். மேலே சிகரெட் நுனி ஒருமுறை பிரகாசமாகி மங்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நாள் போயிற்று. நல்ல மழை. மத்தியானம் மூன்று மணி. பைசல் பாய் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே தொழுகைக்காகக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். ஷட்டர் பக்கம் சத்தம்.

க்ளிக்.

வந்து பார்த்தார். ஷட்டர் கொக்கியில் ஒரு குடை தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணி, மரப்பிடி. பிடியில் மஞ்சள் நூல், மூன்று சுற்று, அவர் போட்ட முடிச்சு. விரிக்கவே விரிக்காத புதுக் குடை... ஆனால் மடிப்புக்குள்ளிருந்து தண்ணீர் ஒழுகியது. சேற்றுத் தண்ணீர். வயல் வாடை. அதோடு துருவின் வாடையும். எடுத்தார். எடுத்த கையை உடனே உதறினார்.

துணி சில்லென்று இருந்தது. பிடி சூடாக இருந்தது.

வெயிலில் கிடந்த சூடு இல்லை. யாரோ வெகுநேரம் இறுக்கிப் பிடித்திருந்து அப்போதுதான் விட்ட சூடு. கைச்சூடு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் பைசல் பாய் முதலில் பேயைச் சந்தேகப்படவில்லை. வேவு பார்க்கிறார்கள் என்று நினைத்தார். தெரியாது என்று எழுதிக் கொடுத்தவன் இந்தக் குடையை எடுத்து உள்ளே வைக்கிறானா என்று யாரோ எங்கிருந்தோ பார்க்கிறார்கள். வைத்தால் சரக்கு உன்னுடையது. தூக்கி எறிந்தால் ஏன் எறிந்தாய்? அரை மணி நேரம் கொக்கியில் அப்படியே விட்டார். தெருவில் போவோர் திரும்பிப் பார்ப்பது போலிருந்தது. கடைசியில் எடுத்துப் பரணில் போட்டார்.

மறுநாள் மழை. மூன்று மணி. க்ளிக். இரண்டாவது.

மழை இல்லாத நாளில் வரவில்லை. மழை பெய்த நாளில் தவறவில்லை. டீக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டு அங்கே போவதை நிறுத்தினார். ரேவதி யாரையாவது விட்டு வைக்கச் சொல்கிறாளோ என்று நினைத்தார். பிறகு வீட்டுக்குள்ளேயே சந்தேகம் வந்துவிட்டது. அஸ்மா போனில் பேசினால் யாரிடம் என்று கேட்டார். வீட்டில் எண்ணுவதற்குத் தமிழ்தான் பேசவேண்டும் என்று பெண்களுக்குச் சட்டம் போட்டார். அதுகளுக்குத் தமிழில் இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது.

ஆறாவது குடை வந்த அன்றைக்கு ஜுல்ஃபிகரைத் தன்னோடு உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் ஷட்டருக்கு உள்ளே ஸ்டூல் போட்டு, கொக்கியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம். தெருவில் ஈ காக்கை இல்லை. மழைச் சத்தம் மட்டும். ஜுல்ஃபிகர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கண் இமைக்கக்கூடாது என்று உட்கார்ந்திருந்தானாம். அப்போது பின்னால், கடைக்கு உள்ளே, பரணுக்குக் கீழே... யாரோ தணிந்த குரலில் "பாய்" என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் திரும்பினார்கள். அங்கே யாரும் இல்லை. பரணில் கிடந்த ஐந்து குடையிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

க்ளிக்.

திரும்பிப் பார்த்தால் கொக்கியில் ஆறாவது. ஜுல்ஃபிகர்தான் எடுத்தான். பிடி சூடு. பிடியைச் சுற்றி, நூலுக்குக் கீழே, மரத்தில் ஒரு தடம் பதிந்திருந்தது. கம்பியைச் சுற்றி முறுக்கிக் கட்டினால் விழுகிற தடம்.

அவன் அன்றைக்கே மாமாவிடம் சொன்னான், போய்ச் சொல்லிவிடுங்கள் என்று. இப்போதாவது. பைசல் பாய் அவனையே சந்தேகமாகப் பார்த்தாராம். உன்னை யார் அனுப்பினார்கள் என்று கேட்டாராம். சொந்த அக்கா மகனை.

ஒன்பது. பத்து. பதினொன்று. ஒரு நாள் வாடிக்கைக்காரி ஒருத்தி கடைக்கு வந்தாள். பைசல் பாய் பரணிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் பிடியைப் பிடித்தாள், உடனே கீழே வைத்தாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

பன்னிரண்டாவது வந்த அன்றைக்கு மழை விட்ட பிறகு போன் அடித்தது. பெயரைப் பார்த்தார். கொழந்தவேலு என்று இருந்தது. பிடித்துக்கொண்டு போனபோதே போனையும் பிடுங்கியிருப்பார்கள். அப்படியானால் பேசுவது யார்? எடுத்தால் தப்பு, எடுக்காவிட்டாலும் தப்பு. எடுத்தார். பேசவில்லை. அந்தப் பக்கம் மழைச் சத்தம். இந்தப் பக்கம் வெயில் வந்துவிட்டது, அந்தப் பக்கம் கொட்டுகிறது.

"பாய், செஹ்னலெட்டும் வந்துருச்சா?"

அதே குரல். பதினெட்டு வருஷம் கேட்ட குரல்.

"வந்துருச்சு" என்றார் பைசல் பாய். தன்னை அறியாமல் வந்துவிட்டது. ஆளைத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தவர், அந்த ஒரு வார்த்தையில் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

"இன்னும் ரெண்டு லெட்டு இருக்கு பாய்."

லைன் போய்விட்டது.

அவருக்கு அது புரியவில்லை. நான் அனுப்பியதே பன்னிரண்டு, இன்னும் இரண்டு எங்கிருந்து என்று ஜுல்ஃபிகரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். கட்டும்போது தப்பாக எண்ணிவிட்டேனோ என்றார். அந்த இரண்டும் வந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று கொக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வரவில்லை. மழைக்காலம் முடிந்தது. தீபத் திருவிழா வந்தது, போயிற்று. பனிக்காலம் வந்தது. ரேவதி எங்கெங்கோ அலைந்து பார்த்துவிட்டு, இருக்கிறாரா இல்லையா என்ற தகவல்கூட இல்லாமல் கியாக்தானில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு குடை உலகத்தில் குறைந்ததற்குக்கூட யாராவது வருத்தப்படுவார்கள். அந்த மனுஷனுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் புது அடையாள அட்டைக்காக எல்லோரையும் கைரேகை கொடுக்கக் கூப்பிட்டார்களே, அது வந்தது. பைசல் பாயின் முறை ஒரு காலை நேரம். நல்ல வெயில். குடை எடுத்துப் போகவில்லை. வழியில் சோதிப்பார்கள் என்று போனை வீட்டில் வைத்தார். பையும் இல்லை. வெறும் கையை வீசிக்கொண்டு போனார். ஜுல்ஃபிகர் கூடப் போய் ஜன்னல் பக்கத்தில் வரிசையில் நின்றான். இனி வருவதெல்லாம் அவன் கண்ணால் பார்த்தது.

கண்ணாடிப் பெட்டிமேல் பத்து விரலையும் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சின்னப் பெண், கன்னத்தில் தனகாச் சாந்து பூசியிருந்தவள், திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். வைத்தார். மூன்றாவது தடவையும் வைத்தார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள். பைசல் என்றார். அவள் திரையிலிருந்து மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தாள். தமிழ்ப் பெயர் பர்மிய வாயில் துண்டு துண்டாக வந்தது.

"கூ... லந்தே... வே... லூ?"

பத்து விரலும் அந்தப் பெயருக்குத்தான் இருந்தன.

பைசல் பாய் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். புறங்கை அவருடையதுதான். சின்ன வயதில் கம்பி குத்திய வடு அப்படியே இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தவர் முகம் மாறியதை ஜுல்ஃபிகர் பார்த்தான். மணிக்கட்டில் இரண்டு பக்கமும் ஒரு தடம் இருந்தது. கம்பியைச் சுற்றி முறுக்கிக் கட்டிய தடம்.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். இரண்டு பேர் வந்தார்கள். அதட்டவில்லை, அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் வந்துட்டுப் போங்க என்றார்கள்.

அப்போதுதான் பைசல் பாய் வாயைத் திறந்தார். "குடை! அது குடை! குடைங்க!" என்று கத்தினார். அத்தனை மாதம் அடக்கி வைத்த வார்த்தை. ஆனால் பயத்தில் அவருக்குப் பர்மியம் ஒரு சொல் வரவில்லை. தமிழில் கத்தினார். அங்கே ஜுல்ஃபிகரைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஜுல்ஃபிகர் டிவி போட்டான். அதே மேஜை. அதற்குப் பின்னால் மாமா நின்றார். மேஜைமேல் தார்ப்பாய் இல்லை, மூட்டை இல்லை, ஒன்றும் இல்லை. அவருடைய இரண்டு கைகளை மட்டும் எடுத்து மேஜைமேல் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வாசித்த பெண் எப்போதும்போல வாசித்தாள்.

பிடிபட்டவர் ஒருவர். பிடிபட்டது இரண்டு லெட்.

நான் நிறுத்தினேன். கீழே எந்த வீட்டுக் குழாயோ காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. மீ இன்னும் வரவில்லை.

மேலே சிகரெட் நுனி அணைந்தது. செருப்பு ஒரு படி இறங்கும் சத்தம். இன்னொரு படி. நாலாம் மாடிக்காரர் பர்மியத்தில், மிக மரியாதையாக, என்னை அண்ணன் என்று அழைத்துக் கேட்டார்.

"அக்கோ... ஆக மொத்தம் எத்தனை லெட்?"

அரை மணி நேரமாக நான் பேசியதில் அவருக்கு எட்டியது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாவ்பி. டிவி. லெட். லெட். லெட். மற்றதெல்லாம் அவருக்கு வெறும் சத்தம். அல்லது வெறும் சத்தம் இல்லையோ, அதுவும் எனக்குத் தெரியாது. மஞ்சுளா இருட்டில் என் முழங்கையைக் கிள்ளினாள். சொல்லுங்கள் என்ற கிள்ளு. ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்னவன்தானே நான்.

தீ. ஓரெழுத்து.

வாயைத் திறந்தேன். என் காதுக்கே கேட்டது, நான் பர்மியத்தில் சொன்னது.

"தெரியாது."

அவர் அந்த இடத்திலேயே நின்றார். நான் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று காலடியில் இருந்த வாளியை எடுத்தேன். சாயங்காலத்திலிருந்து யாரும் தொடாத வாளி.

பிடி சூடாக இருந்தது.